பின் சீட்டில் ஒருத்தி

கார் பழக்கும் தொழிலில் கால் பிரேக்கின்மேல் இருக்கும், உயிர் மட்டும் பக்கத்தில் இருப்பவரின் கையில் இருக்கும்.

மனைவிக்குக் கார் பழக்கிப் பார்த்த கணவன்மாரே, கணவனிடம் கார் பழகிப் பார்த்த மனைவிமாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பட்டவர்களுக்குத்தான் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கார் பழக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் கணக்குப் படிப்பித்தவன் ஆனபடியால் இங்கேயும் எல்லோருக்கும் நான் 'மாஸ்ரர்'. அங்கே கையில் பிரம்பு இருந்தது. இங்கே காலடியில் இரண்டாவது பிரேக் இருந்தது.

என் வேலைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய பாடம் முடியும் நேரத்தில் அவரைக்கொண்டே அடுத்தவரின் வாசலுக்குக் காரை ஓட்டுவிப்பேன். அங்கே அவர் இறங்கிப் பின் சீட்டில் ஏறுவார். அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்து, முதல் வேலையாக அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவார். எனக்கு நேரம் மிச்சம். முன்னே ஒருத்தியும் பின்னே ஒருத்தியுமாக இருபது நிமிடம் ஒரே காருக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழே வரப்போகும் புனிதம் அக்காவும் கௌரியும் என்னிடம் பழகத் தொடங்கி மூன்று மாதமளவில், அந்த ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தவமணிக்கு முதல் பாடம் எடுத்தேன். ரவுண்டபவுட் என்ற வட்டச் சந்தியில் கார் நின்றுபோனது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். "கண்ணைத் திறந்துவைச்சுக்கொண்டே நித்திரையோ?" என்று தொடங்கி, வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் எஞ்ஜினை நிறுத்தினாள், திறப்பை, கார்ச் சாவியை, கழற்றி என் மடியில் வைத்தாள், இறங்கித் தூறலில் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அன்றோடு என்னுடன் கதைப்பதை விட்டுவிட்டாள். சாப்பாடு மேசையில் மூடி இருக்கும். என் பாடங்களுக்கு ஃபோன் எடுத்து டயரியில் எழுதுகிறவள் அவள்தான்; அந்த வேலையை மட்டும் விடவில்லை. "செவ்வாய் 2 மணி புனிதம், 3 மணி கௌரி" என்ற எழுத்துத்தான் மூன்று மாதமாக எங்களுக்கிடையில் நடந்த பேச்சு.

பின் சீட்டிலும் ஒரு பிரேக்

கௌரியின் முதல் பாடத்துக்கு அவளுடைய கணவன் யோகனும் வந்து பின்னால் ஏறிக்கொண்டான். நோர்த் ஹாரோவில் வீடு, இரண்டு பிள்ளைகள். காலையில் தொழிற்சாலை, பின்னேரம் கடை என்று இரண்டு வேலை அவனுக்கு. கௌரி கியரில் கை வைத்தால் "இல்லை, இல்லை" என்றான். கண்ணாடியைப் பார்த்தால் "முன்னாலை பார்" என்றான். முன்னாலே பார்த்தால் "கண்ணாடியைப் பார்" என்றான். இவை போதாதென்று, என் சீட்டின் முதுகைப் பிரேக் என்று நினைத்து மிதித்துக்கொண்டே வந்தான். வீடு வந்து சேர்ந்தபோது கௌரியின் மனம் நொந்ததைவிட என் இடுப்பு அதிகம் நொந்தது.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன்: பின் சீட் எல் போர்ட்காரருக்கு மட்டும்தான். யோகனிடம் பக்குவமாகச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டான்.

"மாஸ்ரர், நான் பின்னாலை இருந்தால்தான் அவளுக்குப் பயம் வரும். பயம் இருந்தால்தானே கவனமா ஓடுவாள்?"

மூன்று முறை பச்சை

யோகன் விட்ட இடத்துக்குப் புனிதம் அக்கா வந்தார். ஐம்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை. இரண்டு மணிப் பாடம் அவருக்கு, மூன்று மணி கௌரிக்கு. கௌரியின் வாசலில் அக்கா பின்னுக்குப் போவார், கௌரி அவரை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவாள். முதல் மூன்று கிழமையும் ஒவ்வொரு செவ்வாயும் இருவரும் மழையையும் மீன் கிடைக்கும் கடையையும் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை.

நாலாம் கிழமை அலெக்சாண்ட்ரா அவென்யூ சிக்னலில் பச்சை விழுந்தது. கார் அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் கௌரியின் கன்னம் முழுக்கக் கண்ணீர். அன்று காலை யோகன், "உன்னை இஞ்சை கூப்பிட்டதே நான் விட்ட பிழை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பின்னால் ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. சிவப்பு விழுந்து மறுபடி பச்சை விழுந்தது. கிளச், கியர், கண்ணாடி எல்லாவற்றுக்கும் என்னிடம் பாடம் இருந்தது, இதற்கு இல்லை.

பின்னாலிருந்து புனிதம் அக்காவின் கை கௌரியின் தோளில் விழுந்தது. "ஹோர்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும், பிள்ளை. நீ ஆறுதலாக் கிளச்சை அமத்து." மூன்றாவது பச்சைக்குக் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் புறப்பட்டது. நான் அசந்துபோனேன். கொஞ்சத் தூரம் போனபிறகு அக்கா தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

"என்ரை மனுசன் சுவிஸிலை வேறை ஒருத்தியோடை இருக்கிறார், பிள்ளை. அஞ்சு வருசமா எல்லாருக்கும் 'அடுத்த வருசம் வந்திடுவார்' எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். உனக்குத்தான் முதன்முதலா உண்மையைச் சொல்லுறன். இப்ப நீ உன்ரையைச் சொல்லு."

வழியில் ஏறிய சிநேகிதி

அதற்குப் பிறகு அந்த இருபது நிமிடம் அவர்களுடையது. ஒருத்தி அழுதால் மற்றவள் வழி சொன்னாள். ஒருத்தி பயந்தால் மற்றவள் சிரிக்கவைத்தாள். புனிதம் அக்கா மூன்று முறை ஃபெயிலானார், மூன்று முறையும் ஆமை வேகத்துக்காக. நாலாவது டெஸ்ட் அன்று நான் டெஸ்ட் நிலையத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததை அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பரீட்சகர் ஒரு வெள்ளைக்காரர், சிரிக்கத் தெரியாத முகம். "அடுத்த இடது பக்கம் திரும்புங்கள்" என்றிருக்கிறார். அது கௌரியின் தெரு. ஆறு மாதமாகப் பாடம் முடியும்போது அக்கா கார் நிறுத்தும் வாசல் அங்கேதான். கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, நூல் பிடித்ததுபோல் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கும் போட்டுவிட்டு அக்கா காத்திருந்தார். ஜன்னலோரம் நின்று நேர்ந்துகொண்டிருந்த கௌரி, டெஸ்ட் முடிந்து தன்னை ஏற்ற வந்துவிட்டார்கள் என்று நினைத்து, கைப்பையும் வீட்டுச் செருப்புமாக ஓடிவந்து, முன்னால் இடமில்லாதபடியால் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டாள். "பாஸோ அக்கா?" என்று கேட்டபிறகுதான் அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பது மாஸ்ரர் இல்லை என்று கண்டாள்.

பரீட்சகர் அவளை மரியாதையாக இறங்கச் சொல்லி, டெஸ்ட்டைத் தொடர்ந்து நடத்தினார். நிலையத்துக்கு வந்ததும் அக்கா நடந்ததையெல்லாம் தன் ஆங்கிலத்தில் விளக்கி, பின் சீட் வழக்கத்தையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். அவர் பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக ஒருவரும் நிறுத்தியதில்லை. நிறுத்தச் சொல்லி நான்தான் சொல்லவில்லை. ஆனால் எனக்காக ஒருவரும் அப்படி ஓடிவரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்."

யோகன் கேட்டது

ஒரு செவ்வாய் யோகனுக்கு லீவு. கௌரி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வர உள்ளே போனதும், கேட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் கார் ஜன்னலில் குனிந்தான். கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தது. முன்பெல்லாம் வேலையால் வந்ததும் கௌரியோடு சண்டைதான் பிடிப்பானாம். இப்போது அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "பத்து நிமிசம் ஒண்டும் கதைக்காமல் இருங்கோ, பிறகு ரெண்டு பேரும் கதைப்பம்" என்று சொல்கிறாளாம். அந்தப் பத்து நிமிடத்தில் தனக்குப் பாதிக் கோபம் போய்விடுகிறதாம். "கூப்பிட்டதே பிழை" என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டானாம். அந்த யோசனை புனிதம் அக்காவுடையது என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவன் ஒன்று கேட்டான். என் வீட்டில் மூன்று மாதமாக மூடிவைத்த சாப்பாட்டைத் தனியாக இருந்து சாப்பிடுகிறவன் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

"பொம்பிளையளுக்கு உங்கட காருக்குப் பின்னாலை ஒரு இடம் இருக்கு, மாஸ்ரர். ஆம்பிளையள் நாங்கள் எங்கை போய் இருக்கிறது?"

டயரியில் ஒரு பெயர்

அந்தக் கிழமைதான் டயரியில் இரண்டு வரி கண்டேன். "மாத முடிவு வெள்ளி, மோர்டனுக்குத் தங்கச்சி வீட்டை போறன். ஃபோனுக்கு வேறை ஆள் பாருங்கோ." திரும்பி வரும் தேதி எழுதவில்லை. தவமணி ஒன்றை எழுதாமல் விட்டால் அது மறதி இல்லை என்று பதினாலு வருடம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியும். சமையலறை வாசல் வரைக்கும் போனேன். அவள் முதுகைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் டயரியைத் திறந்தால், புனிதம் அக்கா பாஸ் பண்ணியதால் காலியாகக் கிடந்த செவ்வாய் இரண்டு மணியில் ஒரு பெயர் இருந்தது. தவமணி. அவளுடைய எழுத்தேதான். என் கண்ணை நானே நம்பவில்லை. அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். மாதக்கணக்காக அக்காவும் கௌரியும் பாடத்துக்கு நேரம் கேட்க என்று ஃபோன் எடுத்து, தவமணியோடு மணிக்கணக்கில் கதைத்திருக்கிறார்கள். நான் வீட்டு விஷயம் காருக்குள் வராமல் காத்துக்கொண்டிருந்தேன். கார் முழுவதுக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. என் பெண்டாட்டி திறப்பைக் கழற்றி மடியில் வைத்தது உட்படத் தெரிந்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. மூன்று பெண்கள் ஒரு ஃபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி விழாமல் தாங்கியிருக்கிறார்கள் என்று நினைக்க மலைப்பாகவும் இருந்தது.

"என்ரை இடம் காலி, ஒரு பேர் எழுதுங்கோ எண்டன். 'ஆற்றை பேர்?' எண்டு கேட்டா. 'உம்மட பேர்தான்' எண்டன். பிறகு பேனை எழுதுற சத்தம் கேட்டுது, தம்பி."

என் குரல்

செவ்வாய் இரண்டு மணிக்குக் காரில் ஏறி வாசலில் காத்திருந்தேன். தவமணி பச்சைக் கம்பளிச் சட்டையோடு வந்தாள். முன் கதவைத் தொடாமல் நேரே பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். மூன்று மணி ஆகும்வரை தெருத்தெருவாகச் சுற்றி, கௌரியின் வீடு வரைக்கும் நான் டாக்ஸிக்காரன்போலக் கார் ஓடினேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

அன்று கௌரிக்குப் பின்னோக்கித் திருப்பும் பாடம். மூலையில் மூன்று தரம் காரின் பின் சில்லு நடைபாதையில் ஏறியது. மூன்று தரமும் நான் வழக்கம்போலச் சொன்னேன்: "பரவாயில்லை. ஆறுதலா. பிழைச்சால் திருப்பிச் செய்வம், அவசரம் ஒண்டும் இல்லை." நாலாம் தரம் அவள் சரியாகத் திருப்பினாள். "கெட்டிக்காரி" என்றேன். இதையெல்லாம் நான் யோசித்துச் சொல்வதில்லை, தொழிலோடு வருவது.

எங்கள் வாசலில் கௌரி காரை நிறுத்தினாள். தவமணி உடனே இறங்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அப்போதுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியமாகச் சொன்னாள், அதுதான் நெஞ்சைக் கிழித்தது.

"பதினாலு வருசமா உங்களோடை இருக்கிறன். இந்தக் குரல் உங்களிட்டை இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

மறுபடி அந்த ரவுண்டபவுட்

அந்தக் கிழமை முழுவதும் நான் வீட்டுக்குள் அந்தக் குரலைத் தேடினேன். சொன்னால் சிரிப்பீர்கள்: குளியலறையில் கதவைச் சாத்திவிட்டு, "பரவாயில்லை, தவம்" என்று சொல்லிப் பார்த்தேன். அந்நிய மொழிபோல இருந்தது. சனிக்கிழமை, மேசையில் மூடியிருந்த சாப்பாட்டைத் திறக்காமல் அவளிடம் போய், "அண்டைக்கு நான் கத்தினது பிழை" என்றேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். அலுமாரிக்குமேல் இருந்த சூட்கேஸ் கட்டிலடிக்கு வந்திருந்ததையும் அன்றுதான் கண்டேன்.

அடுத்த செவ்வாய் மாதத்தின் கடைசிச் செவ்வாய். தவமணி பின் சீட்டில் இருந்தாள், கௌரி கார் ஓடினாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் கௌரி எஞ்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். "தவம் அக்கா, என்ரை மிச்ச அரை மணித்தியாலத்தை நீங்கள் ஓடுங்கோ. நான் பின்னாலை இருக்கிறன், பயப்பிடாதேங்கோ." தன் டெஸ்ட்டுக்கு இன்னும் இரண்டே கிழமை இருந்தவள் சொன்னது இது. தவமணி அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். எங்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவளாகவே அந்த ரவுண்டபவுட்டுக்குத்தான் விட்டாள்.

விதியைப் பாருங்கள், அதே இடத்தில் கார் நின்றுபோனது. அதே மாதிரிப் பின்னால் ஒரு பஸ், அதே மாதிரி ஹோர்ன். என் வாய் தானாகத் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாமல் பயந்தேன். அதற்குள் பின்னாலிருந்து கௌரி, "ஹோர்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அக்கா" என்றாள். புனிதம் அக்கா அவளுக்குக் கொடுத்ததை எழுத்து மாறாமல் என் மனைவிக்குக் கொடுத்தாள். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவன் நான் என்று அப்போதுதான் விளங்கியது. "ஆறுதலாக் கிளச்சை அமத்து, தவம். அவசரம் ஒண்டும் இல்லை" என்றேன். குளியலறையில் வராத குரல் வந்தது. கார் புறப்பட்டது. ரவுண்டபவுட்டைச் சுற்றி, வெளியே போகாமல், இன்னொரு தரமும் சுற்றினாள். வேண்டுமென்றேதான் சுற்றினாள். பின்னால் கௌரி கைதட்டினாள். எனக்குக் கண் மறைத்தது, நல்லவேளை ஓடியது நான் இல்லை.

கௌரியை இறக்கிவிட்டு வீட்டு வாசலுக்கு வந்ததும் தவமணி எஞ்ஜினை நிறுத்தித் திறப்பைக் கழற்றினாள். என் மடியைப் பார்த்தேன். அவள் அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வெள்ளிக்கிழமை மோர்டனுக்குப் போறது போறதுதான். நான் ஓடுறன், நீங்கள் பக்கத்திலை இருங்கோ. புனிதம் அக்காவையும் கௌரியையும் பின்னாலை ஏத்துவம். பொழுதுபடமுதல் திரும்பி வந்திடவேணும், உங்கட டயரியை ஆர் எழுதுறது?"

அதன் பிறகு எத்தனையோ பேருக்குக் கார் பழக்கியாயிற்று. என் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை நம்பியதைவிடப் பின் சீட்டில் இருந்த பெண்களை நம்பித்தான் இன்றுவரை நான் உயிரோடு வீடு வந்து சேருகிறேன்.